இறங்காத ஊர்

ஒரு பாஸ் எடுத்தால் ஒரு மாதம் ஐரோப்பா முழுக்க ரயிலில் சுற்றலாம் என்று கயல் சொன்னபோது அவள் மாமியார் தவமணி நம்பவில்லை. "எத்தனை தடவை இறங்கி ஏறினாலுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இப்போது இருவரும் கூடத்தில் வரைபடத்தை விரித்து, குப்புறப் படுத்துக்கொண்டு, ஒவ்வொரு ஊராக விரல் வைத்துக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

பாரிஸிலிருந்து மியூனிக்குக்குக் கோடு இழுத்த கயலின் பேனா பாதியில் நின்றது. ஸ்டட்கார்ட். கயலை விட்டுப்போன தவமணியின் மகன் இன்னொருத்தியோடு குடியிருக்கும் ஊர்.

"ரயில் அங்க நிக்கும் அத்தை. வேணும்னா வேற வழியா போலாம்."

"எதுக்குடி சுத்திக்கிட்டு? நிக்கட்டும். நாம இறங்கலேன்னா போச்சு."

தவமணி பேனாவைப் பிடுங்கி மியூனிக் வரைக்கும் ஒரே இழுப்பாக இழுத்தாள். கயலுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடுத்தது வியன்னாவா, பிராகாவா என்று சண்டை மூண்டது. வியன்னா ஜெயித்தது. பருப்புப்பொடி எத்தனை கிலோ என்பதில் தவமணி ஜெயித்தாள்.

வரைபடத்தை மடிக்கும்போது அவள் கேட்டாள்.

"அந்த ஊர்ல பிளாட்பாரம் எந்தப் பக்கம்டி வரும்? அந்தப் பக்கமா எனக்கு ஜன்னல் சீட்டு போடு."