ஓரடி நீள ஆயுதம்

உறையைப் பிரிக்க அனுப்ரியா ட்ரிம்மரைத்தான் எடுத்தாள்.

பனியனில் தொங்கும் நூல் பிசிறை வெட்டுகிற சின்னக் கத்தரி. திருப்பூரில் குழந்தைகள் கையில் அதோடுதான் பிறக்கின்றன. நர்ஸ்கள் வாங்கி ஓரமாக வைத்துவிட்டுத்தான் தொப்புள்கொடியைக் கவனிக்கிறார்கள்.

அந்த எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு அனுப்ரியாதான் எச்.ஆர். அவள் அறையில் இருந்த ஏசி குளிருக்கு ஊட்டிக் கேரட் பயிரிடலாம்.

எதிரே அருள்செல்வன். வயது முப்பத்தெட்டு. கழுத்தில் இஞ்ச் டேப் மாலைபோலக் கிடந்தது. செக்கிங் மாஸ்டர் வேலைக்கு வந்திருந்தான். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கியிருந்தான்.

உறையைக் கொண்டுவந்தவன் நான். முப்பத்தாறு வருஷம் அரசாங்கத்துக்கு எழுதிய கை, ரிட்டயரான பிறகும் சும்மா இருக்க மறுத்தது. வேலை கேட்டு வருகிறவர்களின் பழைய கதையை விசாரித்துச் சொல்லும் ஏஜென்சி ஒன்றில் சேர்ந்தேன். இதுவரை ஒரு லட்சம் பேரையாவது விசாரித்திருப்பேன். ஏஜென்சி ரெஜிஸ்டரில் நாற்பத்தொரு பேர்தான் இருக்கிறார்கள்.

உறைக்குள் இருந்தது பதினாலு வருஷத்துக்கு முந்தைய எஃப்.ஐ.ஆர். நகல்.

கோர்ட் அவனை விடுதலை செய்து ஒன்பது வருஷமாகிறது. தீர்ப்பை ப்ளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுவந்திருந்தான். இதற்கு முன் மூன்று கம்பெனிகள் அந்தக் கவரைத் திறக்கவே இல்லை. கேஸ் என்ற வார்த்தையோடு நிறுத்திக்கொண்டார்கள். ஒரு தையல் லைனையே நடத்தத் தெரிந்தவன் இப்போது பீஸ் ரேட்டுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தான்.

அனுப்ரியா சத்தமாகப் படித்தாள்.

‘சுமார் இருநூறு பேர் சட்டவிரோதமாகக் கூடி, பொதுமக்கள் உயிருக்கு அஞ்சி நாலாபுறமும் சிதறி ஓட, மேற்படி எதிரி ஓரடி நீளமுள்ள பயங்கர ஆயுதத்தைத் தலைக்குமேல் சுழற்றி...’

நல்ல நடை. அந்த ‘நாலாபுறமும்’ கேட்டு எனக்குப் புல்லரித்தது.

“எங்கீங்க நடந்துச்சு இது?”

“அவிநாசிபாளையம் பஸ் ஸ்டாப்புலீங்க. சீட்டுப் புடிக்கறதுல ரெண்டு பேரு சட்டையப் புடிச்சுட்டாங்க. போலீசு வந்ததும் எல்லாரும் ஓடிப்போட்டாங்க. நான் பஸ்சுக்கு நின்னுட்டிருந்தனுங்க.”

“ஆயுதம்?”

“நீங்க கையில வெச்சிருக்கறதுதானுங்க.”

அனுப்ரியா ட்ரிம்மரை மேஜையில் மெதுவாக வைத்தாள். வெடிக்காமல் இருக்க வேண்டுமே என்பதுபோல.

வேலை விட்டு வருகிற அவசரத்தில் கழுத்தில் எலாஸ்டிக்கில் மாட்டியதைக் கழற்ற மறந்திருக்கிறான். இந்த ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் பஸ் ஏறுகிறார்கள். அந்தக் கணக்குப்படி ஒவ்வொரு டவுன் பஸ்ஸும் ஒரு படை.

அவள் எஃப்.ஐ.ஆர். நகலை மடித்தாள்.

“எங்ககிட்ட சரக்கு வாங்கற பையர் வெளிநாட்டுக்காரங்க. கேஸுன்னு ஒரு வரி இருந்தா கேட்டுக்குள்ளயே விடமாட்டாங்க. இத எழுதுன ஏட்டய்யாவே ‘அது ட்ரிம்மர்தான்’னு எழுதிக் குடுத்தா நான் எம்.டி.கிட்டப் பேசிப்போடுவனுங்க. ஆனா சாயங்காலத்துக்குள்ள ஆள் எடுத்தாகோணும்.”

“அவரத் தேடி நாலு ஸ்டேஷன் ஏறி எறங்குனனுங்க. மாத்தலாயிட்டாருன்னாங்க, அப்பறம் ரிட்டயர்டுன்னாங்க. மூஞ்சி எனக்கு ஞாபகமில்லீங்க. மீசைதான். ரெண்டு பக்கமும் காது வரைக்கும் போகுமுங்க.”

என் மேலுதடு அரித்தது.

பழனியில் மொட்டை போட்டபோது அதையும் எடுக்கச் சொல்லியிருந்தேன். நாவிதருக்கு இரண்டு ஷிப்ட் ஆயிற்று.

“அந்த ஃபாரத்தைக் குடு அம்மிணி. விசாரித்தவர் கருத்துன்னு கடைசியில ஒரு கட்டம் இருக்கும்” என்றேன்.

எழுதினேன்.

‘மேற்படி வழக்கில் கைப்பற்றப்பட்ட பொருள் பிசிறு வெட்டும் ட்ரிம்மர். நீளம் ஐந்து அங்குலம். சுழற்றப்படவில்லை. கழுத்தில் தொங்கியது. இருநூறு பேர் என்பது தவறு. ஸ்டேஷனுக்குக் கொண்டுவரப்பட்டவர் ஒருவரே. கூட்டமும் அவரே. மேற்படி எஃப்.ஐ.ஆரை எழுதிய தலைமைக் காவலர், கீழே கையொப்பமிட்டுள்ளவர்.’

கையெழுத்துப் போட்டு, பழைய நம்பரையும் போட்டேன். நகலின் அடியில் இருந்த அதே நம்பர்.

அனுப்ரியா படித்தாள். இரண்டு காகிதங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். அருள்செல்வன் பக்கம் தள்ளினாள்.

அவன் இரண்டு தரம் படித்தான். பிறகு என் மேலுதட்டைப் பார்த்தான்.

நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். புதுக் கண்ணாடி.

அவன் எழுந்தான். கழுத்திலிருந்து டேப்பைச் சரேலென்று உருவினான்.

மேஜைமேல் கிடந்த ட்ரிம்மரின் நுனியில் வைத்து, அடிவரை இழுத்துப் பிடித்தான். குனிந்து பார்த்தான்.

“நாலரைங்க.”

ஐந்தை அடித்து நாலரை என்று எழுதினேன். பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தேன்.