கிணற்றில் நாற்பத்து மூன்று பேர்

"அம்மாட கிணத்துத் தண்ணி கூடாதா? வாய் கூசாமச் சொல்றீங்களே தம்பி!"

வண்ணக்கர் கனகசிங்கம் மேசையில் அடித்த அடியில், அஜந்தா கழுவி அடுக்கியிருந்த பன்னிரண்டு கண்ணாடிக் குழாய்களும் கிணுகிணுத்தன.

வாவிக்கரைக் கண்ணகை அம்மன் கோயிலை நிர்வகிப்பவர் அவர். அடுத்த திங்கட்கிழமை சடங்கின் கடைசி நாள். அன்று கோயில் கிணற்றில் அள்ளி அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தித் தண்ணீரை வாங்கிக் குடிக்க ஊரே திரளும். இந்த நேரம் பார்த்து, 'குடிக்க உகந்ததல்ல' என்று ஆய்வுகூடம் எழுதிவிட்டது.

"காய்ச்சிக் குடுங்க" என்றான் ஆய்வுகூடப் பொறுப்பாளன் நிலோஜன்.

"கொதிச்ச தண்ணியில குளிர்த்தியா? அம்மா என்னை எரிச்சுப்போடுவா."

"அப்ப குளோரின் போடுங்க."

"தெய்வத்த விட்டிட்டு மருந்த நம்பவா? இதக் கிழிச்சுப்போட்டு, நல்ல தண்ணியெண்டு வேற எழுதித் தாங்க."

நிலோஜன் அஜந்தாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். பத்தொன்பது வருடமாக அங்கே உதவியாளராக இருப்பவளுக்கு அது விளங்கும். யாரையோ மடக்கப் போகிறான்.

"இஞ்ச பாருங்க ஐயா. கண்ணால காணாத ஒண்டையும் நான் நம்பமாட்டன். நீங்களும் கண்டிட்டுச் சண்டை பிடிங்க."

கோயில் தண்ணீரில் ஒரு சொட்டை நுணுக்குக்காட்டியில் வைத்தான்.

கனகசிங்கம் ஒற்றைக் கண்ணை மூடிக் குனிந்தார். நிமிரவேயில்லை.

"ஒண்டு... ரெண்டு... நாலு..."

"என்ன ஐயா செய்றீங்க?"

"எண்ணுறன். குழப்பாதீங்க தம்பி, ஓடித் திரியுதுகள்."

நாற்பத்து மூன்றில் நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"வயித்தோட்ட வருத்தம் தாறது இதுகளா?"

"இல்ல. அது இதவிடச் சின்னன். இதில தெரியாது."

"இதவிடச் சின்னனும் இரிக்கா!"

சட்டையைக் கழற்றினார். சால்வையை இடுப்பில் கட்டினார். ஆய்வுகூடத் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"நாப்பது வருசமா உன்ர தண்ணி அள்ளுறன் தாயே. ஒரு சொட்டுக்குள்ள இவ்வளவு பேரைக் குடிவச்சிரிக்காய். எனக்கொரு வார்த்தை சொல்லல்லையே!"

இறால் பண்ணைத் தண்ணீரோடு வெளியே வரிசையில் நின்ற செபஸ்தியம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்ன கா அங்க?"

"உசிர் புள்ள, உசிர்! வந்து பாரு" என்றார் கனகசிங்கம், கிடந்தபடியே.

அவள் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் நின்ற கச்சி முகம்மது பார்த்துவிட்டு, "சுபுஹானல்லாஹ்" என்றார். கால்மணி நேரத்துக்குள் வாசலில் ஒன்பது சோடிச் செருப்புகள். நுணுக்குக்காட்டியின் தலையில் ஒரு செவ்வரத்தம்பூ.

"இது ஆய்வுகூடமா, கோயிலா?" நிலோஜன் கத்தினான். "பூ வச்சது ஆரு?"

"மெதுவாப் பேசுங்க தம்பி" என்றாள் செபஸ்தியம்மா. "அதுகள் பயந்திரும்."

கனகசிங்கம் எழுந்து சட்டையை மாட்டினார்.

"குளோரின் எவ்வளவு போடணும்?"

நிலோஜன் திகைத்தான். "அப்ப நம்புறீங்களா?"

"அம்மா இவ்வளவு காட்டினாப் பிறகும் நம்பாம? ஊர்ப் புள்ளைகள் குடிக்கிற தண்ணி. ஆனா முதல்ல ஒரு குடம் அள்ளிக் குளத்தில விட்டிட்டுத்தான் மருந்து போடுவன். குடியிருக்கிற ஆக்களை ஒரேயடியா அழிக்கப்படாது. பிறகு மறுபடி போத்தல் கொண்டு வாறன். சரியெண்டு நீங்க எழுதினாத்தான் தண்ணி குடுப்பன். இல்லாட்டி இந்த வருசம் குளிர்த்தி இல்ல. அம்மாட்ட நான் பேசிக்கொள்றன்."

அவர் போனதும் நிலோஜன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"பாத்தீங்களா அக்கா? எதைக் கண்டாலும் கும்பிடுற சனம். எல்லாம் பயம், வேற ஒண்டுமில்ல."

அஜந்தா மிச்சத் தண்ணீரை வைக்கக் குளிர்ப்பெட்டியைத் திறந்தாள். மருந்துகளுக்குப் பின்னால், இலக்கம் ஒட்டாத ஒரு போத்தல் இருந்தது. முக்கால்வாசி காலி.

"சேர், இது பதிவில இல்லையே?"

சிரிப்பு நின்றது.

"அது... எங்கட ஊர்ப் பிள்ளையார் கோயில் கிணத்துத் தண்ணி. உன்னிச்சையில இருந்து என்ர அம்மா மாசாமாசம் குடுத்துவிடுவா. வேலை தொடங்க முதல் ஒரு மிடறு குடிப்பன்."

"அப்ப இதையும் ஒருக்காப் பாத்திருவம் சேர். ஒரு சொட்டுப் போதும்."

நிலோஜன் பாய்ந்து வந்து போத்தலைப் பறித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"என்ன அக்கா கதைக்கிறீங்க? பாத்தாப் பிறகு நான் எப்படிக் குடிக்கிற?"