கடைசிப் பக்கம் இல்லாத நாவல்

நம்பினால் நம்புங்கள், பழைய புத்தகக்கடை செல்லையா காலமான பதினாறாம் நாள், அவர் கடையிலிருந்த தடித்த நாவல் ஒன்று அழுதது.

"யார் கேட்டாலும், 'இதில் கடைசிப் பக்கம் இல்லை' என்று சொல்லித் திரும்ப வைத்துவிடுவார். இனி இந்த மூளியை யார் வைத்துக்கொள்வார்கள்? எடைக்குத்தான் போகப்போகிறேன்."

உள்ளேயிருந்த ராமபாணப் பூச்சி சிரித்தது. "அட அசடே! நான் குடியிருப்பதே உன் கடைசிப் பக்கத்தில்தான்."

"பின்னே ஏன் பொய் சொன்னார்?"

"உன்னை விற்றுவிட்டால் மத்தியானத்தில் எதைப் படிப்பாராம்?"

அப்போது ஒருவர் வந்து நாவலுக்கு விலை கேட்டார். செல்லையாவின் மகள் பூங்கோதை அதை அவர் கையிலிருந்து வாங்கிக் கடைசிவரை புரட்டினாள். படித்து முடித்த தேதிகளை அப்பா அங்கே பென்சிலால் குறித்திருந்தார். மொத்தம் பதினேழு.

மெல்ல மூடினாள்.

"இதில் கடைசிப் பக்கம் இல்லீங்க," என்றாள்.