எலும்பு மச்சையும் வேண்டுமாம்

உன்னைப் போல ஆசை பிடித்தவனைத் திருகோணமலை மீன் சந்தையிலும் நான் கண்டதில்லை, தம்பி.

கனடாவிலிருந்து போன் எடுத்து, சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டது, ஒன்று தருவீங்களோ என்று கேட்டாய். மறுகதை இல்லாமல் ஓம் என்றேன். இரத்தம் பொருந்தியது, விசாவும் வந்தது. பிறகு பார்த்தால், என் எலும்பு மச்சையில் இருக்கிற ஸ்டெம் செல்லும் வேண்டுமாம். ஒரு கிலோ நெத்தலி வாங்கிவிட்டு, இன்னும் ஒரு பிடி சும்மா போடு என்பவளின் குணம்.

"அள்ளிக்கொண்டே இருக்க நான் என்ன கடலோ?" என்று போனை வைத்துவிட்டேன்.

சந்தையில் என் பக்கத்து மீன்கடை றுக்கியாவும் நெருப்பை ஊதிவிட்டாள். "அன்னலட்சுமி அக்கா, உங்கட தம்பி முள்ளையும் விடமாட்டார் போல."

இங்கே என்னைச் சோதித்த டொக்டர் ஞானசேகரத்திடம் கோபத்தோடுதான் போனேன். சிறுநீரகம் மட்டும் வைத்தாலும் நீ நன்றாக இருப்பாயாம். ஆனால் அடுத்தவரின் உறுப்பை உடம்பு எதிரி என்று தாக்கும். அதை அடக்கச் சாகும்வரை மருந்துக் குளிசை போடவேண்டும். கொடுத்தவரின் ஸ்டெம் செல்லும் சேர்ந்து போனால், உடம்பு அந்தச் சிறுநீரகத்தைத் தன்னுடையதாக ஏற்கப் பழகுமாம். சரிவந்தால் குளிசையை விடலாம். புது வைத்தியம், இன்னும் சோதித்துப் பார்க்கிறார்கள். ஆபத்தும் உனக்குத்தான் அதிகமாம்.

எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. வீட்டுக்கு வந்த கையோடு உனக்குப் போன் எடுத்தேன்.

"அங்க கடைக்குக் கடை மருந்து இருக்கெல்லே. நாளுக்கு நாலு குளிசை போட ஏலாதெண்டோ உயிரை வைச்சு விளையாடுறாய்?"



"இங்க இருக்கு அக்கா. சண்டையில பாதையைப் பூட்டினால் எங்கட சாம்பல்தீவுக்கு மருந்து வருமோ?"

"சாம்பல்தீவில ஆருக்கடா அந்த மருந்து?"

"எனக்குத்தான். குளிசையோட எண்டால் நான் சாகுமட்டும் இங்கதான். அதில்லாட்டில் ஊருக்கு வந்திடலாம்."



சரி, கேள். சிறுநீரகத்தை எடு. மச்சையையும் எடு, இன்னும் என்ன வேண்டுமோ அதையும் எடு. ஆனால் பிழைத்து எழும்பி வந்து சேர். போனுக்குள் உன் குரலைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. என் குசினியில், என் கண்ணுக்கு முன்னால் இருந்து, நீ சோறு தின்ன வேண்டும்.

அதுதான் என் விலை. அதற்குக் கீழே நான் இறங்கமாட்டேன்.