உள் தையல்

மீண்டும் இரத்தம்.

அவள் குனிந்து பார்த்தாள். அடிவயிறு இழுத்தது. பீங்கானில் கருஞ்சிவப்பாய், மலத்தோடு கலந்து, ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

அதே இடத்திலிருந்துதான். அது எந்த இடம் என்பது முதல் நாளிலிருந்தே அவளுக்குத் தெரியும்.

தண்ணீரை ஊற்றினாள். போகவில்லை. வாளியை மறுபடி நிரப்பினாள்.

வெளியே பக்கத்து வீட்டு அன்னக்கிளி ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்திருந்தாள். மருமகளிடம் அவள் பேசுவது கதவைத் தாண்டிக் கேட்டது.

"எங்க ஒங்க அத்த? கர்ப்பப்பைய எடுத்தாச்சுல்லா. இனி என்ன, மகாராணிதான் அவ."

கர்ப்பப்பையின் மேல் அவளுக்கு எந்தப் புகாரும் இருந்ததில்லை. அது தன் வேலையை முடித்துக்கொண்டு ஓராண்டுக்கு மேல் சும்மா கிடந்தது.

புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை அவள் சேலையின் பின்புறத்தில் கறையைக் கண்டவள் மருமகள் தங்கமாரி.

"திரும்ப வந்துட்டா அத்த?"

அவள் தலையசைத்தாள். வாய் திறப்பதைவிட அது எளிதாக இருந்தது.

தங்கமாரி அவள் கையிலிருந்த தீப்பெட்டியை வாங்கிக்கொண்டாள். சாமி விளக்கைத் தானே ஏற்றினாள். அன்று முதல் அந்த வீட்டில் அது மாதவிடாய்தான்.

நிற்கவில்லை என்றதும் மகன் மருத்துவமனைக்கு அழைத்துப் போனான். ஸ்கேனில் கர்ப்பப்பையில் ஒரு கட்டி தெரிந்தது. சிறியது. இந்த வயதில் பலருக்கும் இருப்பது. டாக்டரம்மா எழுதிக்கொண்டே கேட்டார்.

"வெளிக்குப் போறதுல தொந்தரவு ஒண்ணும் இல்லையே?"

மகன் ஸ்கேன் உறையைப் பிடித்தபடி அருகில் நின்றான். அவனுக்குப் பின்னால் அவள் கணவர். அவர்கள் இருவரும் கேட்க அந்த இடத்தைச் சொல்வதற்கு அவளிடம் சொல் இல்லை.

"இல்லம்மா."

அந்த அறையில் சொல்லப்பட்ட ஒரே பொய் அதுதான். மற்றவை எல்லாம் முறைப்படி நடந்தன.

மயக்க ஊசி ஏறும்போது அவள் வேண்டிக்கொண்டாள். எதை எடுத்தாலும் சரி, அதோடு இதுவும் போய்விட வேண்டும்.

போகவில்லை.

அன்னக்கிளி எழுந்து போகும் வரை அவள் உள்ளேயே இருந்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். தங்கமாரி தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். அந்தத் தெருவில் உள்ள பெண்களின் ரவிக்கைகள் எல்லாம் அவள் தைத்துக் கொடுப்பவை.

"தங்கம். அது முன்னால வரல."

மெஷின் நின்றது.

"பின்னால. மொதல்லேருந்தே அப்படித்தான்."

தங்கமாரி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப கர்ப்பப்பைய…" என்று தொடங்கி, அங்கேயே நிறுத்திக்கொண்டாள்.



பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. நெஞ்சுப் பாரம் இறங்கிய சிரிப்பு.

"மூலமா அத்த? இதையா இம்புட்டு நாளு முழுங்கிட்டு இருந்திய? ஒங்க மகனுக்கே இருக்கே. மெனக்கெட்டு சாப்பாட்டுத் தட்டு முன்னால உக்காந்துதான் அதப் பத்திப் பேசுவாவ."

அது உண்மை. காரம் கூடினால் அவன் மூலத்தைத்தான் சொல்லிக் கத்துவான். யாரும் முகம் சுளித்ததில்லை.

"அவனுக்கு எப்படி வரும்?"

"போய் முடிச்ச பொறவு சொட்டுச் சொட்டா விழுமாம். செக்கச் செவேல்னு. சூட்டு ஒடம்பு அத்த, வேற ஒண்ணுமில்ல. கருணக்கெழங்கு மசிச்சுத் தாரேன். மோரு குடிங்க. கேட்டுரும்."

அவளுடையது சொட்டவில்லை. செக்கச் செவேலென்றும் இல்லை; கறுத்து, மலத்தோடு கலந்து வந்தது. அதை அவள் சொல்லவில்லை. ஒரு பெயர் கிடைத்துவிட்டது. வீட்டில் உரக்கச் சொல்லக்கூடிய பெயர். அதற்கு மேல் நிறத்தைப் பற்றிப் பேசுவது அதிகப்படி என்று பட்டது.

நெடுநாள் கழித்து, அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அவன்ட்ட சொல்லிராத."

"நான் ஏன் சொல்லுதேன்."

தங்கமாரி மெஷினில் இருந்ததை எடுத்து வைத்துவிட்டு, கொடியில் கிடந்த மாமியாரின் ரவிக்கையை உருவினாள். விசேஷங்களுக்கு மட்டும் மாமியார் போடுவது.

"ஆபரேஷன்ல ரொம்ப எளச்சிட்டிய. தோளு நிக்கவே மாட்டேங்கு. ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தாரேன்."

ரவிக்கையை உட்புறமாகத் திருப்பினாள். விலாப்புறத்தை இழுத்துப் பிடித்து ஊசிக்கு அடியில் வைத்தாள்.

வைத்ததை எடுத்தாள்.

வெளிச்சத்தில் பிடித்தாள். மெஷின் தையலுக்கு உள்ளே தள்ளி, கையால் ஓடிய ஒரு தையல். அதற்கும் உள்ளே, வேறு நிற நூலில் இன்னொன்று.

"இது நான் பிடிச்சது இல்லையே."

"நாந்தான் பிடிச்சேன். லூசா இருந்துச்சு. ஒனக்கு எதுக்கு வேலைன்னு."

"எப்ப? ஆஸ்பத்திரியிலேருந்து வந்த பொறவா?"

"இல்ல, அதுக்கு ரொம்ப முந்தி." அவள் யோசித்தாள். "ஒண்ணு ஆனியில, ஒங்க சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு. இன்னொண்ணு ஆவணி கடைசியில."

தங்கமாரி தையல்களின் மேல் விரலை ஓட்டினாள். பழைய தையலுக்கும் புதியதற்கும் நடுவே கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். பிறகு மாமியாரின் கழுத்தைப் பார்த்தாள். தோள் எலும்பைப் பார்த்தாள். ஒரு துணியை அளவெடுப்பவள் பார்ப்பதுபோல, நிதானமாக.

"என்னடி?"

"ஆபரேஷனுக்கு முந்தியே இப்படி எளச்சது மூலத்தால இல்ல அத்த."

தங்கமாரி ரவிக்கையை மடித்து வைத்தாள். ஊசியிலிருந்து நூலை உருவினாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போணும். செருப்பப் போடுங்க அத்த."