மடியில் கனம்

“ஏலே, மடியில என்ன?”

கம்பை நீட்டி மறித்தான் காவலாளி வீரபத்திரன். கேமரா அறை வாசலில் நின்றவனின் கைலி மடிப்பில் ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது.

“என் பொருளுதாண்ணே. ஒண்ணும் பண்ணிற மாட்டேன்,” என்றான் சந்தியாகு. ஆஸ்பத்திரி கேட் கேமராவில் பதிந்ததைப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர, காலையிலிருந்து அவன் வாயில் வேறு பேச்சு வரவில்லை.

போன வருஷம் குடித்துவிட்டு வந்த ஒருவன் டூட்டி டாக்டரை அடித்துவிட்டான். உடனே அந்தக் கடலோரத்து அரசு ஆஸ்பத்திரியின் பாதுகாப்புக்கென்று அரசாங்கம் பணம் ஒதுக்கியது. இரும்புக் கேட் வந்தது, காக்கி உடுப்பில் வீரபத்திரன் வந்தான், நாலு கேமராவும் பாஸ்வேர்டு போட்ட கம்ப்யூட்டரும் வந்தன. கூடுதலாக ஒரு டாக்டர் மட்டும் வரவில்லை.

பாஸ்வேர்டு பெரிய டாக்டர் நாகநாதனுக்கு மட்டும்தான் தெரியும். அவர் உட்காரச் சொல்லாமலே விசாரித்தார்.

“என்னைக்குள்ளதுப்பா பாக்கணும்?”

“போன வெள்ளிக்கெழமைங்கய்யா. எம்மவன் சவேரி காய்ச்சலோட வந்தான்ல, அன்னைக்குக் காலையில.”

அந்தப் பிள்ளையை டாக்டர் மறந்திருக்கவில்லை. அன்றைக்கு மச்சினன் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு மத்தியானம்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அதற்குள் பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறி, வலிப்பு வந்து, எல்லாம் முடிந்திருந்தது. அவர் கார் நுழைந்த நேரமும் அதே கேட் கேமராவில்தான் இருக்கிறது.

“நீதான் புள்ளையத் தூக்கிட்டு வந்தியா?”

“நான் அப்ப ஊர்ல இல்லய்யா. எம் பொஞ்சாதி அருள்மேரிதான் வந்தா. தூக்கிட்டு வரல, கூட்டியாந்தா.”

“எல்லாம் ஒண்ணுதான். வார்டுக்குள்ள எடுத்ததும் வேணுமா?”

“உள்ள உள்ளது வேணாம்யா. கேட்டுல நொழையிறது மட்டும் போதும்.”

எந்த வக்கீலோ சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறான் என்று டாக்டர் முடிவு கட்டினார். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். இங்கே மடி சந்தியாகுவுடையது, பயம் டாக்டருடையது.

“இங்கனயே நில்லு,” என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சந்தியாகு மடியை ஒரு கையால் பொத்தியபடி கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். வீரபத்திரனுக்கே மனசு கேட்கவில்லை. “வெயில்ல நிக்கிறியே, தண்ணி குடிக்கிறியாப்பா?” என்றான். சந்தியாகு வேண்டாமென்று தலையாட்டினான்.

கதவு திறந்தது. கம்ப்யூட்டர் திரை கறுப்பாக இருந்தது.

“பாத்துக்க. வெள்ளிக்கிழமை மட்டும் எதுவும் பதியல. மிஷின் கோளாறு.”

சந்தியாகு கிட்டே போய்த் திரையை விரலால் தடவிப் பார்த்தான். “கொஞ்சங்கூட இல்லையாய்யா? ரெண்டு எட்டு இருந்தாக்கூடப் போதும்.”

“இல்லன்னா இல்லதான். இதை வச்சுக் கேசு போடலாம்னு எவனாச்சும் சொல்லியிருந்தா, அதெல்லாம் நிக்காதுன்னு போய்ச் சொல்லு.”

“கேசா?”

அவனுக்கு விளங்கவில்லை. மடிக்குள் கையை விட்டான். வீரபத்திரன் பாய்ந்து அந்தக் கையை இறுக்கிப் பிடித்தான். கீச்சென்று ஒரு சத்தம் கேட்டது.

நடந்தால் கீச் கீச்சென்று சத்தம் போடுமே, அந்தக் குழந்தைச் செருப்பு. புத்தம் புதுசு, விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. வீரபத்திரன் கையை விட்டுவிட்டு ஒதுங்கி நின்றான்.

“கடல்ல மீன் புடிக்கையில எல்லை தாண்டிட்டேன்னு என்னைய அக்கரை ஜெயில்ல போட்டப்ப, அவன் தவழ்ந்துக்கிட்டு இருந்தான்யா. நேத்துதான் விட்டாக. இப்ப நடக்குறான்னு சொல்லி விட்டுருந்தாளேன்னு, பஸ் ஸ்டாண்டுலயே இதை வாங்கிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.”

டாக்டரின் கை மவுஸ் மேலேயே இருந்தது. அழித்ததைத் திருப்பிக் கொண்டுவர அவருக்கு எந்தப் பாஸ்வேர்டும் தெரியாது.

“அவன் நடந்து நான் பாத்ததே இல்லய்யா.”