சினை நண்டு

மீனவக் குடும்பத்தில் பிறந்து முனைவர் பட்ட ஆய்வு வரை வந்துவிட்ட பெனிட்டா, தன் ஊர்க் கடலின் சினை நண்டுகளைப் பற்றி மூன்று வருடமாகச் சேர்த்த குறிப்புகளை வைத்து ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருந்தாள். அவள் தமிழில் எழுதியதை ஆங்கிலமாக்கிக் கொடுத்தவள் விடுதி அறைத்தோழி யாமினி. இன்று நேர்காணலுக்குத் துணையாக வந்தவளும் அவள்தான்.

தேர்வுக்குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "இதே திட்டத்தை, வரிக்கு வரி, இன்னொருத்தரும் போட்டிருக்காங்கம்மா. அவங்களோடது ஒரு வாரம் முன்னாடியே வந்திருக்கு."

"சார், இது எங்க ஊரு. எங்கப்பா வலையில நானே எண்ணினது."

"அவங்களையும் கேட்டுட்டு முடிவு பண்றோம். இருக்கிறது ஒரே இடம்."

யாமினியிடம் சொல்லி அழவேண்டும் என்றுதான் பெனிட்டா வெளியே ஓடிவந்தாள். அதற்குள் பணியாளர் கதவைத் திறந்து அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

"யாமினி!"

யாமினி எழுந்து துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். பெனிட்டாவின் முகத்தைப் பார்க்கவில்லை. "கோச்சுக்காதடி. சும்மாதான் போட்டேன், கூப்பிடுவாங்கன்னு நெனைக்கல."

கதவு வரை போனவள் திரும்பிவந்து குரலைத் தாழ்த்தினாள். "சினை நண்டு வலையில வந்தா எந்த மாசம் திருப்பி விடுவாங்கன்னு சொன்ன?"

அவள் எது கேட்டாலும் சொல்லிச் சொல்லியே பழகிய வாய், பெனிட்டா தடுப்பதற்குள் சொல்லிவிட்டது.

"கார்த்திகை."

அதை முணுமுணுத்தபடியே யாமினி உள்ளே போனாள்.